பால் எப்போது பத்தாமல் போகிறது?

பிள்ளை பெற்ற வீட்டில் பத்தாம் நாளோ இருபதாம் நாளோ ஒரு பேச்சு கிளம்பும். குழந்தை அழுகிறது, மார்பிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி அழுகிறது. மாமியார் தொட்டிலை எட்டிப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு அக்கா குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். ஊரிலிருந்து சித்தி போனில் விசாரிக்கிறார். எல்லாரும் வந்து சேரும் தீர்ப்பு ஒன்றுதான்: "பால் பத்தலை." அன்றே பூண்டு உரிக்கப்படுகிறது, பால்சுறா வாங்க ஆள் போகிறது. அடுத்த வாரமும் அழுகை ஓயாவிட்டால் பால் மாவு டப்பா வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

தாய்ப்பாலைச் சீக்கிரமே நிறுத்திய பெண்களிடம் உலகின் எந்த மூலையில் கேட்டாலும் முதல் வரிசையில் வரும் காரணம் இதுதான். தெருவில் குட்டி போட்ட நாயைப் பார்த்து அதற்குப் பால் ஊறுமா என்று யாரும் கவலைப்படுவதில்லை. மனுஷிக்கு மட்டும் ஏன் இத்தனை சந்தேகம்? 1860களில்தான் ஐரோப்பாவில் குழந்தைகளுக்கான பால் மாவு கடைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆயிரக்கணக்கான தலைமுறைகளிலும் இதே விகிதத்தில் பெண்களுக்குப் பால் வற்றியிருந்தால் இதைப் படிக்க நாம் யாரும் இருந்திருக்க மாட்டோம். அப்படியானால் அந்தப் பெண்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பலருக்கு உண்மையிலேயே பால் குறைந்துதான் போகிறது. அது எப்படிக் குறைகிறது என்று தேடிப் போனால் சுரப்பியில் தொடங்கும் வழி தொழிற்சாலை வாசலிலும் சட்டப் புத்தகத்திலும் போய் முடிகிறது.

முதல் மூன்று நாள்

கர்ப்பத்தின் பாதியிலேயே மார்பகம் பால் சுரக்கத் தயாராகிவிடுகிறது. நஞ்சுக்கொடி அனுப்பும் புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோன்தான் அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்தப் பிடி தளர்கிறது. பால் சுரக்கச் சொல்லும் புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் முழு வேலையில் இறங்குகிறது. இந்த மாற்றம் முடிந்து மார்பு நிறையப் பால் இறங்க இரண்டு நாள் முதல் நான்கு நாள் வரை ஆகும். அதுவரை வருவது சீம்பால். கெட்டியாக, மஞ்சளாக இருக்கும். முதல் நாள் முழுவதையும் சேர்த்தாலும் சில தேக்கரண்டிகள்தான். நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்த அந்தச் சில தேக்கரண்டிதான் அன்றைய குழந்தைக்கு வேண்டிய அளவு.

பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது அளவாகவே தெரிவதில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை வைப்பதாகச் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ கழுதைப் பாலையோ நாக்கில் தடவுவது தென் மாவட்டங்களில் நெடுநாள் வழக்கம். பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு வரை முதல் சில நாளில் குறைவதும், இரண்டு வாரத்துக்குள் பழைய எடை திரும்புவதும் இயல்பு. அதுவும் "பிள்ளை இளைத்துவிட்டது" என்று தாயின் மேல் விழும் குற்றச்சாட்டாகிவிடுகிறது. குழந்தைக்குப் பால் போதுகிறதா என்று பார்க்க நல்ல அடையாளம் அழுகையில் இல்லை, ஈரத்துணியில் இருக்கிறது. முதல் வாரம் கடந்த குழந்தை நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது. அழுகைக்குக் களைப்பு, புழுக்கம், தூக்கிக்கொள்ள ஆள் தேடுவது என்று வேறு காரணங்களும் உண்டு. மாலை நேரத்தில் விடாமல் மார்பு தேடுவது பிஞ்சுக் குழந்தைகளின் பொது வழக்கம்.

பழைய வழக்கங்களை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 88.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காடுதான். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் சுற்றி நிற்கும்போதே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் அந்த முதல் மணியை இழந்திருக்கிறார்கள். அறுவைப் பிரசவம் இதற்கு ஒரு பெரிய காரணம். தமிழ்நாட்டில் அதே ஆய்வில் அறுவைப் பிரசவம் 44.9 விழுக்காடு. அறுவைக்குப் பின் வலி, மயக்கம், தாயும் பிள்ளையும் தனித்தனி அறையில் கிடப்பது, ஒரே செவிலியர் இருபது படுக்கைகளுக்கு ஓடுவது என்று எல்லாம் சேர்ந்து பால் இறங்குவதைத் தள்ளிப்போடுகின்றன. அந்தத் தாமதம் தாயின் குறையாகத்தான் வீட்டுக்கு வந்து சேர்கிறது.

ஆட்டு மடியில் கிடைத்த விடை

முதல் வாரம் கடந்தபின் ஒரு நாளைக்கு எவ்வளவு பால் என்பதை முடிவு செய்வது யார்? ஹார்மோன் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் ஹன்னா ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று இருந்தது. அங்கே 1980களில் மால்கம் பீக்கரும் அவருடன் வேலை செய்தவர்களும் வெள்ளாடுகளை வைத்து ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஆட்டு மடிக்கு இரண்டு பாதி. ஒரு பாதியை வழக்கம்போல் நாளுக்கு இரண்டு முறை கறந்தார்கள், மறு பாதியை மூன்று முறை. மூன்று முறை கறந்த பாதியில் மட்டும் பால் கூடியது.

இரண்டு பாதிக்கும் ஓடுவது ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன். அப்படியிருந்தும் ஒரு பக்கம் மட்டும் கூடியது என்றால் கட்டளை மூளையிலிருந்து மட்டும் வரவில்லை, அந்தந்த மடிக்குள்ளேயே பிறக்கிறது. காலியான மடியில் அழுத்தம் குறைவதுதான் காரணமோ என்ற சந்தேகம் அடுத்து வந்தது. அதையும் சோதித்தார்கள். கறந்த பாலுக்குச் சமமான அளவு தீங்கற்ற சர்க்கரைக் கரைசலை மடிக்குள் செலுத்தினார்கள். மடி முன்போலவே நிறைந்திருந்தது, அப்படியும் சுரப்பு கூடியது. ஆகவே தேங்கி நிற்கும் பாலுக்குள்ளேயே சுரப்பை மட்டுப்படுத்தும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அதைச் சுரப்புத் தடுப்பான் என்று அழைப்போம். பால் தேங்கினால் தடுப்பானும் தேங்கி, "போதும், நிறுத்து" என்கிறது. பால் வெளியேறினால் அதுவும் வெளியேறிவிடுகிறது, சுரப்பி வேகம் எடுக்கிறது.

பெண்களிடமும் இதே போக்கைக் கண்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பீட்டர் ஹார்ட்மனின் குழு மார்பகத்தின் கன அளவை மணிக்கு மணி அளந்து பார்த்தது. நிறைந்த மார்பு மெதுவாகவும் காலியான மார்பு விரைவாகவும் சுரந்தது. ஆற்று மணலில் தோண்டிய ஊற்று போலத்தான்: இறைக்க இறைக்க ஊறும், விட்டால் தூர்ந்துவிடும். அதே குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் தாய்ப்பால் மட்டுமே குடித்த 71 குழந்தைகளை, ஒவ்வொரு முறை பால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டார்கள். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையான அந்தக் குழந்தைகள் நாளுக்குச் சராசரியாக 11 முறை குடித்தார்கள். மொத்தம் சராசரி 788 கிராம். ஒரு குழந்தை 478 கிராமோடு நிறுத்திக்கொண்டது, இன்னொன்று 1,356 கிராம் குடித்தது. இரண்டும் நன்றாகவே வளர்ந்தன. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

ஐஸ் தண்ணீரில் கால் வைத்த தாய்

பால் ஊறுவது ஒன்று, இறங்குவது இன்னொன்று. ஊறிய பால் நுண்ணிய பைகளில் நிற்கும். ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் அந்தப் பைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருக்கினால்தான் குழந்தையின் வாய்க்கு வரும். இதைப் பால் இறக்கம் எனலாம். குழந்தையின் அழுகுரல் கேட்டதும் ஜாக்கெட் நனைவதற்குக் காரணம் இதுதான்.

1948இல் அமெரிக்காவில் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற தம்பதியர் இதைச் சோதித்தார்கள். சோதனைக்கு உட்பட்ட தாய் நைல்ஸ் நியூட்டனேதான். தொந்தரவு எதுவும் இல்லாத நாள்களில் குழந்தை ஒரு வேளையில் குடித்தது சராசரி 168 கிராம். பிறகு அவருடைய காலை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொன்னார்கள். கணக்குப் போடச் சொல்லி, பதில் தாமதமானால் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பால் 99 கிராமாகச் சரிந்தது. அதே தொந்தரவின் நடுவே ஆக்சிடோசின் ஊசி போட்டபோது 153 கிராமுக்குத் திரும்பியது. மார்பில் பால் இருந்தது, இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரே தாய், ஒரே குழந்தை என்பதால் இந்த எண்களை எல்லாருக்கும் பொருத்த முடியாது. ஆனால் வலியும் பதற்றமும் பால் இறக்கத்தைத் தடுக்கும் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் உறுதிப்படுத்தின. பிள்ளை பெற்றவளைச் சுற்றி நின்று "பால் பத்தலை, பால் பத்தலை" என்று ஓயாமல் சொல்லும் வீடு, அவள் காலை ஐஸ் தண்ணீரில்தான் வைத்திருக்கிறது.

ஒரு நாளைப் பிரித்துப் பார்ப்போம்

இப்போது இந்த அறிவை ஒரு பெண்ணின் நாள்மேல் வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் தைக்கும் பெண் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு மூன்று மாதம். கணக்குச் சுலபமாக வர, குழந்தை நாளுக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் 80 மில்லி குடிக்கிறது என்று கொள்வோம். மொத்தம் 800 மில்லி. ஒரு முறைக்குக் கால் மணி நேரம் என்றால் நாளுக்கு 150 நிமிடம், வாரத்துக்கு பதினேழரை மணி நேரம். அதாவது வாரத்தில் ஏறக்குறைய இரண்டு முழு ஷிப்ட்.

அவர் வேலைக்குத் திரும்புகிறார். காலை எட்டரைக்கு ஷிப்ட், மாலை ஐந்தரைக்கு முடிவு, போக வர முக்கால் மணி வீதம். குழந்தையை விட்டுப் பிரிந்திருப்பது பத்தரை மணி நேரம். அந்த நேரத்தில் விழ வேண்டிய வேளைகள் நான்கு. நான்கு எண்பது 320. வீட்டில் பாட்டி 320 மில்லி பால் மாவைக் கரைத்துக் கொடுக்கிறார். ஊட்டும் பொழுது குறைந்ததே தவிர மீதி ஆறு வேளை அப்படியே இருக்கிறதே, 480 மில்லி தாய்ப்பால் கிடைத்துவிடும் என்றுதான் தோன்றும்.

ஆட்டு மடியை நினைத்துப் பாருங்கள். முதல் சில நாள் மதியத்துக்குள் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்கிறது. மேல்துணி நனைகிறது, வலி தோள்வரை ஏறுகிறது. கழிப்பறைக்குப் போய்ச் சுவரில் பீய்ச்சிவிட்டு வருகிறார். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அந்த நேரம் கூலியில் கழியும். அதனால் அடுத்த நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தேங்கிய பாலில் தடுப்பான் சேர்கிறது. சில நாளில் கட்டுவது நிற்கிறது, வலியும் போய்விடுகிறது. அப்பாடா என்று மூச்சு விடும் அந்த நாள்தான் சுரப்பி தன் அளவைக் குறைத்துக்கொண்ட நாள். மாலை வீடு திரும்பும்போது குழந்தை வயிறு நிறையப் புட்டிப்பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருக்கும். இன்னொரு வேளையும் போயிற்று. அடுத்த வேளையில் குழந்தை கொஞ்சம் சப்பிவிட்டுச் சிணுங்கும், வேகமாக வரும் ரப்பர் காம்பு அதற்குப் பழகிவிட்டது. "பார்த்தாயா, பால் பத்தலை" என்று பாட்டி சொல்வது இப்போது முழு உண்மை. ஆனால் அந்த உண்மை அவர் உடம்பில் பிறக்கவில்லை. பத்தரை மணி நேரம் அதை உண்டாக்கியது.

இடையில் இரண்டு முறை, இருபது நிமிடம் வீதம், ஒரு சுத்தமான அறையில் உட்கார்ந்து பாலை எடுத்து வைக்க முடிந்திருந்தால் கதை வேறு. எடுத்த தாய்ப்பால் 25 டிகிரி வெப்பம் வரை நான்கு மணி நேரம் கெடாது. திருப்பூரின் மே மாதத்தில் அதற்குக் குளிர்பதனப் பெட்டி வேண்டும். அறை, தண்ணீர், பெட்டி, நாற்பது நிமிடம்: வேண்டியது இவ்வளவுதான். இதில் ஒன்றைக்கூட அந்தப் பெண் தன் கைக்காசில் வாங்க முடியாது.

சில பெண்களுக்கு உண்மையாகவே உடற்காரணங்கள் உண்டு. சுரப்பித் திசு போதிய அளவு வளராமை, பிரசவத்தில் பெரும் ரத்தப்போக்கு, தைராய்டுக் கோளாறு, மார்பக அறுவை. இவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மை. எத்தனை பூண்டு தின்றாலும் எத்தனை முறை சப்ப விட்டாலும் இவர்களுக்குப் பால் போதாமல் போகலாம். அந்தக் குழந்தைக்குப் பால் மாவோ தானப் பாலோ உயிர் காக்கும் உணவு. மும்பை சயன் மருத்துவமனையில் 1989இல் மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கிய தாய்ப்பால் வங்கிதான் ஆசியாவிலேயே முதலாவது. இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் அத்தகைய வங்கிகள் இருக்கின்றன.

செவிலி உடையில் வந்த விற்பனை

பால் பத்தாது என்ற பயத்தைக் காசாக்கத் தெரிந்தவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முழுமையாகாது. ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1930களின் இறுதியில் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். செவிலியர் போல் உடுத்திய பெண்கள் வீடு வீடாகப் போய்க் கெட்டிப் பால் டின்களைத் தாய்மாரிடம் தள்ளிவிடுவதை அங்கே கண்டார். இனிப்பூட்டிய அந்தப் பாலில் குழந்தைக்கு வேண்டிய சத்து கிடையாது. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் அவர் பேசினார். அந்தப் பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு "பாலும் கொலையும்". தவறான பிரசாரத்தால் நேரும் குழந்தைச் சாவுகளைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்று, பால் வியாபாரிகளும் அமர்ந்திருக்கக்கூடிய சபையில் ஒரு பெண் எழுந்து சொன்னது சாதாரணத் துணிச்சல் இல்லை.

அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த வியாபாரம் மூன்றாம் உலகம் முழுக்கப் பரவியது. மகப்பேறு வார்டில் இலவச டின் கிடைக்கும். டின் தீர்வதற்குள் மார்பு வற்றியிருக்கும். 400 கிராம் டப்பா ஒரு மூன்று மாதக் குழந்தைக்கு நான்கு நாள்கூட வராது. கூலி வீட்டில் அதை ஒரு வாரம் ஓட்ட வேண்டுமானால் தண்ணீரைக் கூட்ட வேண்டும். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கு. 1974இல் பிரிட்டனின் வார் ஆன் வான்ட் அமைப்பு 'தி பேபி கில்லர்' என்ற அறிக்கையில் இதை அம்பலப்படுத்தியது. அதன் சுவிஸ் பதிப்புக்கு "நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது" என்று தலைப்பிட்டவர்கள் மேல் அந்தக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1976இல் தலைப்பு அவதூறுதான் என்று சிறு அபராதம் விதித்த நீதிமன்றம், விளம்பர முறையை மாற்றிக்கொள்ளும்படி கம்பெனிக்கும் சொன்னது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது. 1981 மே மாதம் உலக சுகாதார சபையில் தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனைக்கான பன்னாட்டு நெறிமுறை 118 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா.

இந்தியா 1992இல் அந்த நெறிமுறையைச் சட்டமாக்கி, 2003இல் இன்னும் இறுக்கியது. பால் மாவு விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டப்பாவில் குழந்தைப் படம் கூடாது, மருத்துவர்களுக்கும் அவர்கள் சங்கங்களுக்கும் பரிசோ மாநாட்டுச் செலவோ தரக் கூடாது. உலகின் கடுமையான சட்டங்களில் ஒன்று இது. இந்தியத் தொலைக்காட்சியில் பால் மாவு விளம்பரம் பார்க்காமல் ஒரு தலைமுறை வளர்ந்ததற்கு இந்தச் சட்டம்தான் காரணம். ஆனால் எந்த விளம்பரச் சட்டமும் ஓவர்லாக் மிஷின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இருபது நிமிடம் தராது.

பெண்ணியவாதிகள் ஏன் இரு பக்கம் நிற்கிறார்கள்?

தாய்ப்பால் விஷயத்தில் பெண்ணியத்துக்குள் நீண்ட வழக்கு இருக்கிறது. பிரிட்டனின் கேப்ரியல் பாமர் 1988இல் தாய்ப்பாலின் அரசியல் பற்றி எழுதிய நூல் ஒரு பக்கத்தின் வலுவான குரல். பெண் தன் உடம்பால் காசில்லாமல் செய்யக்கூடியதை அவள் கையிலிருந்து பறித்து, டப்பாவில் அடைத்து, அவளிடமே விற்பதைச் சுரண்டல் என்றார் அவர். மறு பக்கத்தில் பிரான்ஸின் எலிசபெத் பதின்தேர், அமெரிக்காவின் ஜோன் வுல்ஃப், பத்திரிகையாளர் ஹன்னா ரோசின். நல்ல தாய் என்றால் மார்பு கொடுப்பவள் என்று மருத்துவமும் அரசும் வரையறுத்து, பெண்ணைத் தொட்டிலில் கட்டிப்போடுகின்றன என்பது இவர்கள் வாதம். தாய்ப்பாலின் நன்மைகள் ஊதிப் பெருக்கப்படுகின்றன என்றும் இவர்கள் சொல்கிறார்கள்.

இரண்டாவது வாதத்தைத் தள்ளிவிட முடியாது. தாய்ப்பால் கொடுக்கும் பெண்கள் படிப்பிலும் வருமானத்திலும் வேறுபட்டவர்களாக இருந்தால், குழந்தையின் நலத்துக்குப் பால் காரணமா, பணம் காரணமா என்று பிரிப்பது கடினம். இதைப் பிரித்துப் பார்த்த பெரிய சோதனை பெலாரஸில் நடந்தது. 1996, 97 ஆண்டுகளில் 31 மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் செவிலியருக்கும் மருத்துவருக்கும் தாய்ப்பாலூட்ட உதவும் பயிற்சி தரப்பட்டது, மறு பாதியில் இல்லை. சேர்ந்த தாய்-சேய் இணைகள் 17,046. மூன்று மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் பயிற்சி பெற்ற பக்கம் 43.3 விழுக்காடு, மறு பக்கம் 6.4. முதல் வருடத்தில் வயிற்றுத் தொற்று வந்த குழந்தைகள் 9.1 விழுக்காடு, மறு பக்கம் 13.2. ஆனால் பிற்பாடு பார்த்தபோது உடற்பருமனிலும் ஆஸ்துமாவிலும் வித்தியாசம் இல்லை. ஆக, சில நன்மைகள் உறுதி, சில நம் ஆசை.

வயிற்றுத் தொற்று நல்ல தண்ணீர் வரும் பாரிஸில் இரண்டு நாள் தொல்லை. குழாய் வராத குடிசையில் அது சாவு. தாய்ப்பால் ஏறக்குறைய எல்லாருக்கும் கிடைத்தால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைச் சாவுகளைத் தவிர்க்கலாம் என்று 2016இல் லான்செட் இதழ் மதிப்பிட்டதும் பெரும்பாலும் ஏழை நாடுகளின் கணக்கு. பதின்தேரும் பாமரும் வெவ்வேறு தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தாயின் உடம்புக்குக் கிடைப்பதை இரு தரப்பும் போதுமான அளவு பேசவில்லை. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் வெளியான அலசலில், பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் ஆபத்து 4.3 விழுக்காடு குறைந்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரொட்டிகள் குழந்தைக்கு என்ன நன்மை என்று பத்து வரி எழுதும். அவளுக்கு என்ன என்பதற்கு ஒரு வரி இருந்தால் அதிகம்.

பெலாரஸ் சோதனையில் இன்னொரு செய்தி இருக்கிறது. அந்த நாட்டில் பிள்ளை பெற்றவளுக்கு மூன்று வருடம் வரை விடுப்பு. செவிலியர் சொல்லிக்கொடுத்ததைச் செய்து பார்க்க அந்தத் தாய்மாருக்கு நாள் முழுதும் இருந்தது. அந்த விடுப்பு இல்லாத ஊரில் அறிவுரையை மட்டும் இறக்குமதி செய்தால் மிஞ்சுவது குற்ற உணர்ச்சிதான்.

கணக்கில் ஏறாத பால்

நியூசிலாந்தின் மேரிலின் வேரிங் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். நாட்டு வருமானக் கணக்கு எதைச் சேர்க்கிறது, எதை விடுகிறது என்று 1988இல் ஒரு நூலே எழுதினார். பால் மாவுத் தொழிற்சாலை உற்பத்தி நாட்டு வருமானத்தில் ஏறும். புட்டிப்பால் குடித்து நோயுற்ற குழந்தைக்கு ஆகும் மருத்துவச் செலவும் ஏறும். தாய்ப்பால் ஏறாது. ஒரு நாட்டில் எல்லாப் பெண்களும் நாளை தாய்ப்பாலை நிறுத்திவிட்டால் அந்த நாடு கணக்கில் வளர்ந்திருக்கும். நார்வே மட்டும் தன் உணவு உற்பத்திப் புள்ளிவிவரத்தில் தாய்ப்பாலையும் சேர்த்து வந்திருக்கிறது. ஆஸ்திரேலியப் பொருளியலாளர் ஜூலி ஸ்மித் பெண்களின் நேரத்தை அளந்து, தாய்ப்பால் மட்டும் தருவது வாரத்துக்கு 17 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலை என்று காட்டினார். நம் திருப்பூர்க் கணக்கும் அங்கேதான் வந்து நிற்கிறது. அந்த வேலைக்கு எரிபொருள் வேறு வேண்டும்: பாலூட்டும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு. பல வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகிறவளும் அவள்தான்.

நேரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா என்று ஒன்று உண்டு. மலைக்குப் போகும் தாய்மார் குழந்தையை அங்கே விட்டுவிட்டு இடையில் வந்து பால் கொடுத்துப் போவார்கள். இலங்கைச் சட்டப்படி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தொழிலாளிக்கு நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை. காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லையென்றால் ஒரு மணி. கொழுந்து எடைக்கு இலக்கு வைத்திருக்கும் தோட்டத்தில் அந்த அரை மணியும் கிலோக் கணக்கில் வலிக்கும் என்பது உண்மை. தோட்டத்து வறுமையை நான் மறைக்க வரவில்லை. ஆனால் 2016 ஆய்வில் இலங்கை முழுவதுமாகப் பார்த்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 விழுக்காட்டினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள்; இந்தியாவில் 2019-21 ஆய்வில் 63.7. வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவும் சட்டமும் காப்பகமும் சேர்ந்து செய்த வேலை இது.

நான்கு வருகைகள்

இந்தியாவில் 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றது. தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் எழுதியது. நம் பனியன் கம்பெனிப் பெண் இழந்ததும் நான்கு வேளைதான். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. இந்தச் சட்டம் ஒழுங்காக நடக்கும் கூரையின் கீழ் சுரப்புத் தடுப்பானுக்கு வேலை இருக்காது.

ஆனால் சட்டத்தின் கூரை சிறியது. சித்தாள், வயல் கூலி, வீட்டு வேலை செய்பவர், பீடி சுற்றுபவர் என்று இந்நாட்டில் உழைக்கும் பெண்களில் பெரும்பாலோர் அதற்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்காகத் தமிழ்நாட்டில் இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். 1987இல் தொடங்கிய, நாட்டுக்கே முன்னோடியான திட்டம். ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு இரண்டு பிரசவங்கள் வரை தலா 18,000 ரூபாய். அதில் 14,000 பணம், 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகம்.

26 வாரம் என்பது 182 நாள். 18,000 ரூபாயை அதால் வகுத்தால் நாளுக்கு 99 ரூபாய். 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். அந்தக் கூலியை விட்டுவிட்டு, 99 ரூபாய்க்கு ஆறு மாதம் குழந்தையோடு இரு, தாய்ப்பாலை மட்டும் கொடு என்று அவளிடம் சொல்கிறோம். அவள் நாற்பதாம் நாளே சித்தாள் வேலைக்குத் திரும்பினால், பால் பத்தாமல் போனதற்கு அவள் உணவையும் மனதையும் ஆராய்கிறோம். 319ஐ 182ஆல் பெருக்கினால் 58,058 ரூபாய். அமைப்பு சாராத் துறையில் உழைக்கும் ஒவ்வொரு தாய்க்கும், நூறு நாள் வேலைக் கூலிக் கணக்கிலேயே, தமிழ்நாடு தர வேண்டிய தொகை அது. அடுத்த தாய்ப்பால் வாரத்தில் மேடையேறும் ஒவ்வொருவரும் சுவரொட்டிக்கு முன்பாக இந்தத் தொகையைக் கேட்க வேண்டும்.